கதைக்க மறுத்தவள்

கிட்ட வாங்க கண்ணுகளா. சின்னதுகளை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சொல்லால் ஒரு கொலை மறைந்துபோக இருந்ததைச் சொல்கிறேன். ரத்தம் வரும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் காலம். கடல் தாண்டி, லாபு என்ற ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டம். வள்ளியம்மாவின் புருஷன் மணியம், விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் பிந்தி வந்தான். கங்காணி இராஜமாணிக்கம் அவனை மரத்தோடு கட்டிப் பிரம்பால் விளாசினான். பிரம்பு பிளந்ததும் மண்வெட்டிக் காம்பை எடுத்தான். விலா எலும்பு முறிந்த சத்தம் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. ஒருவரும் அசையவில்லை. மூன்றாம் நாள் ரத்தமாய் வாந்தியெடுத்து மணியம் செத்தான். தோட்டத்து ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ‘காய்ச்சல்’ என்று எழுதிவிட்டார்கள்.

அந்த மாதம்தான், தோட்டங்களில் ஆளை அடிப்பதைத் தடுக்கச் சட்டம் போடலாமா என்று கேட்க, சட்டசபைக் குழு ஒன்று சிரம்பான் பட்டணத்தில் உட்கார்ந்தது. முன்கூட்டிப் பெயர் கொடுத்தால் யாரும் போய்ப் பேசலாம். சாப்பாட்டுக்கடை ஷம்சுதீன் அறிவிப்பை வாசித்துக் காட்டி, அவள் பெயரை எழுதி அனுப்பினார்.

“எழுதிட்டேன் தங்கச்சி. கங்காணி விடுவானா?”

“விடமாட்டான் பாய். நீங்க ரயிலு எத்தன மணிக்குன்னு சொல்லுங்க.”

விடவில்லை. ஸ்டேஷன் பாதையில் கங்காணியின் ஆட்கள் இருவர் அவள் மயிரைப் பிடித்து முகத்தைச் சரளையில் தேய்த்தார்கள். அவள் ஒருவன் விரலைக் கடித்துத் துப்பிவிட்டு ஓடி ரயில் ஏறினாள்.

மண்டபத்தில் மூன்று துரைமார். ஓரத்தில், தோட்டத்துக்காகப் பேச வந்து, கோட்டுப் போட்டுக்கொண்டு கங்காணி. மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா, குலசேகரம்.

“பயப்படாதையும், வள்ளியம்மா. துரைக்கு முன்னாலை வடிவாய்க் கதையும்.”

பொய் சொல்லச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். தோட்டத்தில் கதைக்கிறது என்றால் கதை விடுவது, பொய் சொல்வது.

“நான் கதைக்க மாட்டேங்க!”

இவள் பேச மறுக்கிறாள் என்று கிராணி இங்கிலீஷில் சொன்னார். துரை அவள் பெயரின் மேல் கோடு கிழித்தார்.

கங்காணி சிரித்தான். “போதும் லா, லயத்து வீட்டுக்குப் போ.”

போலீஸ்காரன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் மேசையை விடவில்லை. நகம் பிய்ந்து பலகையில் ரத்தம் கோடு போட்டது.

“கதையில்லீங்க கிராணியாரே! எம் புருசன் எலும்ப ஒடச்சுக் கொன்னது நெசம்! கதை விடறவன் அந்தா கோட்டுப் போட்டு உக்காந்திருக்கான்!”

குலசேகரம் பதறி எழுந்தார். “ஐயோ பிள்ளை! எங்கட ஊரிலை கதைக்கிறதெண்டா பேசுறது!”

“அப்ப பேசுன்னே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

பிழை தன்னுடையது என்று அவர் துரைமாரிடம் மன்றாடினார். அவள் பெயரை மறுபடி எழுதினார்கள். அவள் பேசினாள்: மரம், பிரம்பு, காம்பு, அந்தச் சத்தம். பாதியில் கங்காணி பாய்ந்து, துரைமார் கண்முன்னாலேயே அவள் கழுத்தை நெரித்தான். போலீஸ்காரன் தடியால் அவன் முழங்கையை உடைத்த பிறகுதான் பிடி விட்டது.

தொண்டை கமற அவள் கேட்டாள்: “எழுதினத வாசிங்க. எனக்குப் புரியிற மாதிரி.”

குலசேகரம் மெதுவாக வாசித்தார். “மணியம் காய்ச்சல்ல சாகல. அடிச்சுக் கொன்னாங்க.”

அதைக் கேட்ட பிறகே அவள் கைநாட்டு வைத்தாள். கங்காணியை அந்த வாசலிலேயே விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள்.

உங்கள் வீட்டில் ஒருவர்மேலும் கை ஓங்கப்படாதிருக்கட்டும், கண்ணுகளா. உலையில் அரிசி கொதிக்கட்டும். உங்கள் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் வாசல்வரை கேட்கட்டும்.