விளையாடப் போகும் முகாம்

1

"விளையாடப் போற முகாமுக்கும் ஏன்ம்மா அழுறீங்க?"

களுவாஞ்சிக்குடி பஸ்ஸில், முன் ஆசனத்திலிருந்த ஒரு பிள்ளை தன் தாயிடம் கேட்டது. பதில் வருமுன் இருவரும் செட்டிபாளையத்தில் இறங்கிவிட்டார்கள். என் கையில் இருப்பது அந்தக் கேள்வி மட்டும்தான். மற்றதெல்லாம் நானாகக் கட்டுவது.

2

வாவியின் மேல் காலை வெயில் பொன்னாக உருகி...

(வேண்டாம். களைத்த ஒரு பெண்ணின் கதைக்குப் பொன் எதற்கு?)

தாய்க்குத் தனுஷா என்று பெயர் வைக்கிறேன். மகள் கம்சாயினிக்குப் பதினான்கு வயது. பாடசாலைக் கரப்பந்தாட்ட அணியில், மற்றவள் ஓங்கி அடிப்பதற்குப் பந்தை எடுத்துக் கொடுப்பவள். விளையாட்டு ஆசிரியை இரண்டு வழி சொல்லியிருந்தார். பக்கத்துப் பாடசாலையில் ஒருநாள் பயிற்சி, அதற்குப் பெயர் 'கிளினிக்'. அல்லது மட்டக்களப்பு நகரில் ஒரு கிழமை, ஏழு நாளும் தங்கிப் பழகும் முகாம். மாவட்ட அணிக்கு முகாமிலிருந்துதான் ஆள் எடுப்பார்கள்.

மீன்வலையை உதறிக்கொண்டிருந்த தனுஷாவின் கணவன் ரதீஸ், கிளினிக் என்றதும் நிமிர்ந்தான்.

"கிளினிக்கா? இந்த வயசுல புள்ளைக்கு என்ன பிரசர்?"

"ஐயோ அப்பா, இது பந்துக் கிளினிக்!"

"பந்துக்குத்தான் வருத்தமெண்டா காத்தடிச்சாச் சரிதானே."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தனுஷா சிரிக்கவில்லை.

"கிளினிக்குக்கே போகட்டும். முகாம் வேணாம்," என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

3

(இங்கே போரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அடித்துவிட்டேன். உங்களுக்கும் தெரிந்த களைப்புத்தான்.)

தனுஷா பிறந்தது கதிரவெளியில். சிறுமியாக இடம்பெயர்ந்து ஒரு முகாமில் இருந்தாள். கூடாரம், தண்ணீர் வரிசை, காய்ச்சலில் கிடந்த தாய். முகாம் என்ற சொல் காதில் விழுந்தாலே அவளுக்கு உடம்பு சோர்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் அடிக்க மனம் வரவில்லை. தாய் எழும்பமுடியாமல் கிடந்த நாட்களில், விடியும்போது கூடார வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். யாரோ வரிசையில் நின்று பிடித்து வைத்தது. யாரென்று அவள் கடைசிவரை அறியவில்லை. (எழுதுகிற எனக்கும் தெரியாது. கடவுளுக்குத் தெரியும்.)

4

பஸ்ஸில் கேட்ட கேள்வியை மகள் இங்கே கேட்கிறாள். தாய் கண்ணைத் துடைக்கிறாள். மகளே தொடர்கிறாள்.

"கிளினிக்குல அடிக்கிறதத்தான் பழக்குவாங்களாம். நான் எடுத்துக் குடுக்கிறவ. கைதட்டெல்லாம் அடிக்கிறவளுக்குத்தான். அது பரவாயில்லம்மா. வடிவா எடுத்துக் குடுக்கப் பழகோணும், அவ்வளவுதான்."

"ஆரும் பாக்காட்டியும் பரவாயில்லயா?"

"பந்து போய்ச் சேர்ந்தாச் சரிதானே."

தனுஷா எழுந்துபோய் ஒரு பையை எடுத்து உதறினாள். பிறகு, "உடுப்பு, துவாயெல்லாம் எடுத்து வை. நானே கூட்டிக்கொண்டுபோய் விடுறன்," என்றாள்.

5

கம்சாயினி மாவட்ட அணிக்குத் தெரிவாகி...

(தெரியாததைச் சொல்லக் கூடாது.)

தெரிவாகாமல்...

(அதையும் நான் சொல்லமாட்டேன். நீங்கள் விரும்பியதை வைத்துக்கொள்ளுங்கள்.)

எனக்குத் தெரிவது இவ்வளவே. மகளை முகாமில் விட்டுவிட்டுத் திரும்பும் தனுஷா, பிள்ளைகளின் தண்ணீர்க் குடங்கள் வெறுமையாக இருப்பதைக் காண்கிறாள். எல்லோரும் மைதானத்தில். கிணற்றடியில் ஒரு வாளி. சுற்றிலும் பார்க்கிறாள். யாருமில்லை.

நான் இருக்கிறேன். நீங்களும் இருக்கிறீர்கள். அதுதான் தொல்லை.

ஆகவே நான் பேனாவை மூடுகிறேன். நீங்களும் தயவுசெய்து முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டால், கேட்காததுபோல் இருங்கள்.