டிரைவர் பஹத்தினின் தலை

விமான நிலைய வாசலில் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் ஒரு வேலைதான். கால் கடுக்கும், விமானம் தாமதமானால் வயிறு கூவும். ஆனாலும் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. பஹத்தின் பலகையைத் தூக்கிப் பிடித்தாரே தவிர, அது அவருக்குத் தேவைப்பட்டதில்லை. கண்ணாடிக் கதவு திறந்து ஆட்கள் வெளியே வரும்போது தலையைப் பார்த்தே தன் ஆள் யார் என்று சொல்லிவிடுவார்.

ஷிஷ்லியில் இருக்கும் முடி நடும் கிளினிக் ஒன்றில் அவர் வேன் டிரைவர். உலகத்தின் வழுக்கையெல்லாம் இஸ்தான்புல்லுக்கு வந்து இறங்குகிற காலம் இது. வருகிறவர்கள் வீட்டில் பொய் சொல்லிவிட்டு, பாதிப் பயத்தோடு வருவார்கள். வேனில் ஏறியதும் பஹத்தின் ஆரம்பிப்பார். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வா. தலை வழியாக மாட்டுகிற பனியன் வேண்டாம், பட்டன் சட்டை போடு. ஊசி வலிக்கும், அப்புறம் வலிக்காது. மூணாம் நாள் முகம் வீங்கும், பயப்படாதே. நட்ட முடியெல்லாம் ஒரு மாதத்தில் கொட்டிப்போகும், பயப்படாதே. பிறகு முளைக்கும். இந்த ஏழெட்டு வாக்கியங்களை அரபியிலும் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இன்னும் என்னென்னவோ பாஷைகளிலும் தப்பும் தவறுமாகச் சொல்வார். அவர் வேனில் வந்த ஆள் ஊசிக்கு நடுங்குவதில்லை என்று கிளினிக்கில் எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய தலைதான் வினையாகிவிட்டது. ஐம்பத்தாறு வயதில் காதுக்கு மேலே ஒரு வட்டம் முடி, மற்றபடி துடைத்துவைத்த தட்டு. "தையல்காரன் சட்டைதான் கிழிஞ்சிருக்கும்" என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார். ஒருநாள் யாரோ ஒரு இளவட்டம் பின்சீட்டிலிருந்து அந்தத் தலையைப் படம்பிடித்து, ‘முடி நடும் கடையின் டிரைவரைப் பாருங்கள்’ என்று உலகத்துக்கே அனுப்பிவிட்டது.

முதலாளி லெவென்ட் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, டீயும் வரவழைத்தார். டீ வந்தபோதே இது நல்லதுக்கில்லை என்று பஹத்தினுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, உங்களை என் சொந்த அண்ணனா நெனச்சுத்தான் சொல்றேன். வர்றவன் முதல்ல பாக்கறது உங்க தலையைத்தான்."

"தலையிலயா முதலாளி வண்டி ஓட்டறேன்?"

"அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியலையே. ரெண்டே வழிதான். ஒண்ணு, நம்ம கிளினிக்குலயே முடி வச்சுக்கங்க, காசு வேணாம். இல்லேன்னா முடியோட ஒரு டிரைவரை நான் பாத்துக்கணும்."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்கள். முதலாளி மொட்டைத் தலைக்கும் சோற்றுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்.

வீட்டில் மனைவி முசெய்யன் அடுப்பை அணைத்துவிட்டு அவர் தலையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். "இந்த வழுக்கைதானே எனக்கு அடையாளம். சந்தைக் கூட்டத்துல உங்களை எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"வேலை போயிடும்டி."

"அப்ப வச்சுக்கங்க. வந்தா மலை, போனா மயிரு."

ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். வெளிநாட்டு ஆட்கள் இல்லாத நாள், முடி நடுகிற பெண்களுக்கு விடுமுறை நாள். குலிசாரும் ஷெரிபானும் வருகிறோம் என்று தாங்களாகவே சொன்னார்கள். பனி கொட்டி பஸ் நின்றுபோன நாட்களில் அவர்களை மேட்டுத் தெருவரை கொண்டுபோய் விட்டவர் பஹத்தின்தான், வேனை விட்டு இறங்கி மண்வெட்டியால் பனியை அள்ளிக்கூட வழி பண்ணியிருக்கிறார்.

காலையில் அவர் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து ஷெரிபான் விழுந்து விழுந்து சிரித்தாள். முசெய்யன் பின்னிய கம்பளிச் சட்டை, கழுத்து இறுக்கமாக, தலை வழியாக மாட்டுவது.

"அண்ணே, ஊருக்கெல்லாம் பட்டன் சட்டை பட்டன் சட்டைன்னு பாடம் எடுக்கறீங்க. உங்க பட்டன் எங்க?"

"குளிருச்சும்மா, எடுத்து மாட்டிக்கிட்டேன்." பஹத்தின் பரிதாபமாகச் சட்டையைக் கழற்றினார்.

டாக்டர் வந்தார். நெற்றியில் பேனாவால் கோடு போட்டார், தோளைத் தட்டினார், விறைப்பான தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இருந்த கொஞ்சம் முடியையும் ஷெரிபான் மிஷினால் மழித்தாள். முதலாளி சொல்லியிருந்தபடி முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டாள்.

பிறகு ஊசி. பஹத்தின் ஆயிரம் பேரிடம் ‘வலிக்கும், அப்புறம் வலிக்காது’ என்று சொன்னவர். முதல் ஊசி பின்மண்டையில் இறங்கியபோது அவர் கத்திய கத்தலில் மாடிப்படியில் பூனை ஓடியது.

"என்னம்மா இது, இப்படி வலிக்குது! நான் எல்லாருக்கும் பொய்யில்ல சொல்லியிருக்கேன்!"

"பொய் இல்லண்ணே. பாதிதான் சொல்லியிருக்கீங்க," என்றாள் குலிசார். "எனக்குப் புடிச்ச ஊர்க்கதை ஏதாவது சொல்லுங்க. அதுக்குள்ள மரத்துடும்."

மரத்தும் போனது. அவரைக் குப்புறப் படுக்கவைத்து, பின்தலையிலிருந்து முடியை வேரோடு ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார்கள். ஷெரிபான் எடுக்க, குலிசார் அவற்றை ஐஸ் மேல் வைத்த கண்ணாடித் தட்டில் பிரித்து அடுக்கினாள். ஒற்றை முடி ஒரு பக்கம், இரட்டை ஒரு பக்கம். மதியம் பருப்பு சூப்பும் ரொட்டியும் வந்தன. தலையில் கட்டோடு பஹத்தின் சூப்பை உறிஞ்சிக் குடித்தார். பெண்கள் நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொண்டார்கள்.

பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து நடவு ஆரம்பமானது. நெல் நாற்று நடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குனிதல் புரியும். முன்வரிசைக்கு ஒற்றை முடிகளை மட்டும் எடுத்தாள் குலிசார். நேர்கோடாக வைக்கவில்லை. ஒன்று முன்னே, ஒன்று சற்றே பின்னே, ஒன்று இடப்பக்கம் சாய்ந்து, இயற்கை அலட்சியமாக வைத்தாற்போல வைத்தாள். அலட்சியம் போலத் தோன்றவைக்க எவ்வளவு அக்கறை வேண்டியிருக்கிறது! இடுக்கியின் நுனியில் கண்ணுக்கே தெரியாத வேர், அது தோலில் போட்ட சிறு கீறலுக்குள் வழுக்கி இறங்குகிறது, நசுங்கவில்லை, ரத்தம் கசியவில்லை. அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

"அண்ணே, எப்படி வேணும்? சினிமா ஹீரோ மாதிரியா?" ஷெரிபான் கேட்டாள்.

"என் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடற மாதிரி இருந்தாப் போதும்."

சாயங்காலம் ஆனபோது குலிசாருக்குக் கழுத்து திரும்பவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, முடித்த தலையைத் தள்ளியிருந்து பார்த்தாள். ரத்தப் புள்ளிகள் நிறைந்த அந்தச் சிவந்த தலையில் அவள் என்ன பார்த்தாளோ, அவள் முகம் மலர்ந்தது. கம்பளிச் சட்டையைத் தலை வழியாக மாட்ட முடியாது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. ஷெரிபான் கத்தரியால் கழுத்தை நெஞ்சுவரை வெட்டி அவருக்கு மாட்டிவிட்டாள். வீட்டில் முசெய்யன் தலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டையைப் பார்த்துத்தான் கூப்பாடு போட்டாள்.

உட்கார்ந்தபடி தூங்கினார். மூன்றாம் நாள் நெற்றி வீக்கம் கண்ணுக்கு இறங்கி முகம் பூசணிக்காய் ஆனது. பொருக்கு கட்டியது, முசெய்யன் நுரை தடவி ஊறவைத்து, விரல் நுனியால் அதைக் கழுவிக் கழுவி எடுத்தாள். இந்தத் தலையோடு விமான நிலையத்தில் நிற்க முடியாது என்று முதலாளி தற்காலிகமாக ஒரு டிரைவரைப் போட்டார். சுருள்முடிக்காரன், நல்ல பையன். பஹத்தினைக் கிளினிக்கின் கீழ்த்தளத்தில் துணி வெளுக்கும் அறைக்கு அனுப்பினார்கள். ரத்தம் பட்ட பச்சைத் துணிகளை மிஷினில் போட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். முளைக்கிறவரை என்றார் முதலாளி.

ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் பஹத்தின் மூச்சிரைக்க மாடியேறி வந்து குலிசாரைத் தனியே கூப்பிட்டார். கையில் ஒரு கைக்குட்டை. பிரித்தால் உள்ளே முடி.

"போச்சும்மா. எல்லாம் தலையணையில கெடக்கு. உன் உழைப்பெல்லாம் போச்சு. என் வேலையும் போச்சு."

குலிசாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருடைய குரலிலேயே, அவருடைய தப்பு பிரெஞ்சிலேயே சொன்னாள்: கொட்டும், பயப்படாதே. பிறகு முளைக்கும்.

"இதை அடுத்தவனுக்குச் சொல்றது சுலபமா இருந்துச்சும்மா," என்றார் பஹத்தின்.

குளிர்காலம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. வசந்தத்தில் பூனைமுடி போல ஏதோ எட்டிப் பார்த்தது. கோடையில் சீப்பு வாங்கினார். வருஷம் திரும்பியபோது அந்தத் தலையைப் பார்க்க அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்தார்கள். முன்நெற்றியில் மெலிசாகத் தொடங்கி உள்ளே போகப் போக அடர்ந்து, நரையும் கறுப்புமாகக் காற்றில் ஆடியது. நட்டது என்று அம்மா பிள்ளை மேல் சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. முசெய்யன்கூடத் தோற்றுப்போய், "பக்கத்து வீட்டுக்காரி பாக்கறா, உள்ள வாங்க," என்றாள்.

துணி வெளுக்கும் அறையை விட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, வேன் சாவியைக் கேட்க பஹத்தின் மேலே போனார். முதலாளி எழுந்து வந்து அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினார். போட்டோக்காரர் வந்தார். ஒரு மணி நேரம் இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு. டாக்டரும் வந்து பக்கத்தில் கைகட்டி நின்று சிரித்தார். அடுத்த வாரமே அந்தப் படம் வாசல் பலகையில், இணையத்தில், எல்லா இடத்திலும். கீழே ‘மார்செல், லியோன், பிரான்ஸ்’ என்று எழுதியிருந்தது.

"மார்செல் யாரு முதலாளி?"

"நீங்கதான். பஹத்தின்னு போட்டா வெளிநாட்டுக்காரன் வருவானா?"

"சரி, இருக்கட்டும். வண்டிச் சாவி?"

முதலாளி டீ வரவழைத்தார்.

"அண்ணே, யோசிச்சுப் பாருங்க. படத்துல பாத்த மார்செல் விமான நிலையத்துல பலகையோட நின்னா வர்றவன் என்ன நெனைப்பான்? எல்லாம் இவங்க ஆளு, ஏமாத்து வேலைன்னு நெனைக்க மாட்டானா?"

"அப்ப கீழ துணி தோய்க்கறேன்."

"மாடிப்படியில யாராவது பாத்துட்டா?"

பஹத்தின் டீயைத் தள்ளிவைத்தார். "மொட்டை அடிச்சுக்கறேன் முதலாளி. இன்னிக்கே."

"மொட்டையா? மறுபடியும் முதல்லேர்ந்தா? என் மச்சானுக்கு நகரத்துக்கு வெளிய சிமென்ட் கிடங்கு இருக்கு, சொல்லிவைக்கறேன். ஒண்ணே ஒண்ணு, இந்தப் பக்கம் வரும்போது மட்டும் தலையை மூடிக்கங்க."

கேள்விப்பட்டதும் குலிசார் கையுறையைக் கழற்றாமலேயே முதலாளி அறைக்குள் போனாள். "நாங்க ஞாயித்துக்கிழமை வந்து நட்டது அவர் வேலை நிலைக்கணும்னுதான்," என்றாள்.

"நான் என்னம்மா பண்ணட்டும்?" முதலாளி நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார். "சுமாரா நட்டிருந்தீங்கன்னா விளம்பரத்துக்கு எடுத்திருக்க மாட்டேன். ஓட்டிக்கிட்டிருந்திருப்பாரு."

மேலே ஒரு ஆள் மல்லாக்கப் படுத்திருந்தான். தட்டில் வேர்கள் காய்ந்துவிடும். திரும்பிப் போய்க் குனிந்தாள்.

ஐப்பசி மழை போல விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் மெஜிதியெகோய் பஸ் நிறுத்தத்தில் குலிசார் பஹத்தினைப் பார்த்தாள். சிமென்ட் தூசு படிந்த கோட்டு, கம்பளிக் குல்லாய். கைமூட்டுகள் வெடித்திருந்தன. இருவரும் ஒரு சிமித் ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி முசெய்யனின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிக்னலில் கிளினிக் வேன் வந்து நின்றது. அதன் பக்கவாட்டு முழுக்க, ஆள் உயரத்துக்கு, அந்தத் தலை. பக்கத்தில் டாக்டர் கைகட்டிச் சிரித்தார்.

நிறுத்தத்தில் நின்ற வழுக்கைக்காரர் ஒருவர் படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பஹத்தினிடம் சொன்னார்: "பாத்தீங்களாண்ணே? முடியா இது! எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. இப்படி ஒரு தலை உலகத்துலயே கிடையாது."

குலிசார் வாயெடுத்தாள். பஹத்தின் அவள் கையை மெல்ல அழுத்தினார்.

"இருக்கும் தம்பி, இருக்கும்," என்றார். பஸ் வந்தது. குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினார்.