ஆடு எப்படிக் கூரை ஏறியது?

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல; அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதில் கிடைத்தது. அக்கா பள்ளி ஆசிரியை. பிள்ளைகளின் வாசிப்பு எந்தப் படியில் இருக்கிறது என்று சோதிக்க அவளுக்கு ஒரு சின்னப் பத்தி தேவைப்பட்டது. வீட்டிலேயே ஓர் எழுத்தாளன் வெட்டியாக இருக்கும்போது வெளியே எதற்குப் போய்க் கேட்க வேண்டும்? அடுப்பில் பால் பொங்குவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன்.*

* "ஒரு வீட்டுக் கூரை மேல் ஓர் ஆடு ஏறி நின்றது. ஊரே கூடி அதைக் கூப்பிட்டது. ஆடு யாரையும் மதிக்கவில்லை..." இன்னும் சில வரிகள் உண்டு. இலக்கிய நயம் பொங்கும். ("பால்தான் பொங்குச்சு. அடுப்பெல்லாம் ஊத்தி வச்ச," என்கிறாள் அக்கா, என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து.)

2

முதல் முயற்சி: இளங்காலைக் கதிர்கள் வாசிப்பு அறையின் சன்னல் வழியே மெல்ல

(வேண்டாம். "அது வாசிப்பு அறையே இல்லடா. ஒடஞ்ச மேசையெல்லாம் போட்டு வச்சிருக்கற ரூம்.")

சரி. உடைந்த மேசைகளுக்கு நடுவே, கையில் கடிகாரத்தோடு அக்கா உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பிள்ளையாக வந்து ஒரு நிமிடம் வாசிக்க வேண்டும். அதற்குள் எவ்வளவு வாசிக்கிறார்களோ அதை வைத்துத்தான் படி; படிக்கு ஏற்ற அறை. முதலில் வந்தவன் எக்ஸ்பிரஸ். வகுப்பு வைத்த பெயர். மூச்சு விடாமல் முழுப் பத்தியையும் வாசித்து முடித்துவிட்டு, மிச்ச நேரத்துக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பிரமாதம். ஆடு எங்கடா நிக்குது?"

"எந்த ஆடு டீச்சர்?"

3

அடுத்து பிரேக். இதுவும் வகுப்பு வைத்த பெயர்தான். இப்படி ஒரு பெண் நிஜமாகவே இருக்கிறாளா, அக்கா கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாளா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் வரியை வாசித்தாள். நின்றாள்.

"டீச்சர், ஆடு எப்படி ஏறுச்சு?"

"மேல படிம்மா."

"ஏணி இருந்துச்சா?"

"நேரம் போகுது, படிம்மா."

"இல்ல டீச்சர், ஆட்டுக்கு ஏணி ஏறத் தெரியுமா?"

நிமிடம் முடிந்தது. விதிப்படி அவளுக்கு முதல் படிதான். முதல் படி அறையில் இருப்பவர்களெல்லாம் பொடிசுகள். அதில் ஒன்று அவளுடைய சொந்தத் தம்பி, இப்போதுதான் பால்பல் விழுந்தவன். இனி அவன் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்ட வேண்டும். பிரேக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

"வீட்ல போய் எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான் டீச்சர்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"ஆனா எப்படி ஏறுச்சு?"

4

அக்கா எனக்குப் போன் போட்டாள். "நீ எழுதுனதுல ஓட்டை இருக்குடா. மத்ததெல்லாம் தாண்டிக் குதிச்சுப் போயிடுச்சு. இவ ஒருத்திதான் உள்ள விழுந்துட்டா. நீயே பதில் சொல்லு." போனைப் பிரேக்கிடம் கொடுத்துவிட்டாள்.

"பக்கத்துல ஒரு மரம் இருந்துச்சும்மா. அது வழியா..."

"மரத்துலயே இலை இருக்குமே சார். கூரைக்கு எதுக்குப் போச்சு?"

"யாரோ ஏணி வச்சிருப்பாங்க."

"யாரு? எதுக்கு?"

(பறந்து போனது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். விமர்சகர்கள் கைதட்டியிருப்பார்கள். பிரேக் விடமாட்டாள்.)

"எனக்குத் தெரியலம்மா," என்றேன். மானம் போயிற்று.

மறுமுனையில் நிம்மதியாக ஒரு பெருமூச்சு. "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல சார். அப்ப நானே யோசிச்சுக்கறேன்."

போனை வைக்காமலே மீதிப் பத்தியை வாசித்தாள். எங்கும் தடுமாறவில்லை. ஆடு யாரையும் மதிக்காத இடத்தில் அவள் குரலிலும் திமிர் ஏறியது. நான் எழுதியது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

ஆனால் அவளுடைய ஒரு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.

5

முடிவு அ: அக்கா துணிந்து மேல் படி போட்டுவிடுகிறாள். ("மேலிடத்துல கேட்டா நீ வந்து பதில் சொல்லுவியா? ஆட்டுக்கே உன்னால பதில் சொல்ல முடியல.")

முடிவு ஆ: ஆடு கூரையிலிருந்து குதித்து வந்து கடிகாரத்தைத் தின்றுவிடுகிறது. (எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அக்கா பார்த்த பார்வையில் அதை அடித்துவிட்டேன்.)

முடிவு இ: பிரேக்குக்கு இன்னொரு வாய்ப்புத் தருகிறார்கள். இந்த முறை அவள் எங்கும் நிற்கவில்லை. நேரத்துக்குள் முடித்துவிடுகிறாள். தம்பியிடமிருந்து தப்பித்துவிடுகிறாள். ஆடு எங்கே என்று அக்கா கேட்கிறாள். "எந்த ஆடு டீச்ச

இல்லை. இதை நான் எழுத மாட்டேன்.

அக்கா பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். பிரேக்கின் பெயருக்கு எதிரே கட்டம் இன்னும் காலி. எந்தப் படி என்று எழுத அவளுக்கும் கை வரவில்லை, எனக்கும் வரவில்லை. பென்சிலை உங்களிடமே கொடுத்துவிடச் சொல்கிறாள். பிடியுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. இந்தக் கதையை எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் வாசித்து முடித்தவர்கள், தயவுசெய்து பென்சிலைத் தொட வேண்டாம்.