தவறான குழுவில் போட்ட கேள்வி

மத்தியானத்துக்குள் அருள்மொழி தானாகவே ராஜினாமாக் கடிதம் அனுப்பிவிட வேண்டும் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அனுப்பாவிட்டால் அவர்களே நீக்குவார்களாம். அப்புறம் வேறெங்கும் வேலை கிடைப்பது கஷ்டம் என்றும் தன்மையாகவே சொன்னார்கள்.

கொரோனா வந்ததிலிருந்து, சங்கராபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்து வீட்டிலிருந்துதான் அவள் மென்பொருள் வேலை பார்த்துவந்தாள். சென்னையில் ஐ.டி. ஊழியர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. அவர்களுடைய வாட்ஸப் குழுவில் சேர்ந்திருந்தாளே தவிர, ஒரு வார்த்தை எழுதியதில்லை. சங்கத்தில் சேரலாமா என்று கணவன் செழியனிடம் கேட்டபோது அவன் சிரித்தான்.

"லட்ச ரூபா சம்பளம் வாங்கிக்கினு கொடி புடிக்கப் போறியா? நம்ம ஊர்ல கூலிக்குப் போறவங்க கேட்டா இன்னா நெனைப்பாங்க?"

அந்தக் கூச்சம் அவளுக்கும் இருந்தது. ஆனால் இன்று பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. 'கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்க முடியுமா? நான் சங்கத்தில் சேரலாமா?' என்று தட்டி அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் கவனித்தாள். லேப்டாப் திரையில் இரண்டு குழுக்களும் பக்கத்துப் பக்கத்தில் திறந்திருந்தன. கேள்வி போனது மேலாளர் தங்கமணியும் இருக்கும் அலுவலகக் குழுவுக்கு. அழிக்கப் போகும்போது கரண்ட் போய் நெட் நின்றது. கூடவே போனில் டவரும் படுத்துவிட்டது.

டவர் கிடைத்ததும் அழித்துவிடலாம் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சங்கராபுரம் கிளம்பினாள். வழியெல்லாம் மாரியம்மனைக் கூப்பிட்டபடி போனாள். பாதி வழியில் கூட்டம் சாலையில் உட்கார்ந்திருந்தது. இடஒதுக்கீடு கேட்டு அந்த டிசம்பரில் எங்கும் மறியல்தான். முன்வரிசையில் அவள் தெருக்காரர் மாயவன்.

"இன்னா அருளு, மூஞ்சி வாடிக் கெடக்குது?"

"வேலை போயிடும் போல இருக்குதுண்ணா."

"நாங்களும் வேலைக்குத்தான் குந்திக்கினு இருக்கோம். நீ போ."

அவர் எழுந்து, முணுமுணுத்தவர்களைச் சமாதானப்படுத்தி, வண்டி நுழைகிற அளவுக்கு வழிவிடச் செய்தார்.

டவர் கிடைத்த இடத்தில் நிறுத்திப் போனை எடுத்தாள். அவள் கேள்விக்குக் கீழே ஒரு பதில் வந்திருந்தது.

'எனக்கும் இதே கேள்விதான்.'

எழுதியவள் அபிநயா. வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகாதவள். வேலையைத் தவிர வேறெதுவும் அருள்மொழி அவளிடம் பேசியதே இல்லை. தங்கமணி இரண்டையும் பார்த்திருந்தார்.

இப்போது அழித்தால் அபிநயாவின் வரி மட்டும் தனியாக நிற்கும். பயந்தவளுக்குப் பக்கத்தில் இன்னொரு பயந்தவளைக் கொண்டுவந்து நிறுத்துவதும் கடவுள் செய்கிற உதவிதான். அருள்மொழி அழிக்கவில்லை.

சற்று நேரத்தில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. கடிதம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார்கள்.

"அனுப்பப் போறதில்லைங்க. சங்கத்துல கேட்டுக்கினுதான் பேசுவேன்."

திங்கட்கிழமை பேசலாம் என்று சொல்லி எதிர்முனை போனை வைத்துவிட்டது. வேலை நிலைக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சங்கத்தின் குழுவைத் திறந்து அதே கேள்வியை எழுதினாள். 'நாங்கள் இரண்டு பேர்' என்று சேர்த்தாள். பிறகு முதல்முறையாக அபிநயாவுக்குப் போன் போட்டாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்றுதான் கேட்க வந்தது.