அரை டாலர் மட்டும்

வங்கியில் காகிதத்தில் சுற்றிய காசு ரோல் வாங்கி, பிரித்து, பழைய வெள்ளிக்காசு ஏதாவது தேறுகிறதா என்று பார்த்துவிட்டு, மீதியை இன்னொரு வங்கியில் கொண்டுபோய்க் கொட்டுகிற பைத்தியங்கள் எங்கள் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்பது இதைத்தான்: நீ எந்தக் காசு?

ஒரு சென்ட் தேடுகிறவர்களுக்குச் செம்புதான் கிடைக்கும், முதுகுவலியோடு சேர்த்து. ஐந்து சென்ட்டில் போர்க்கால வருஷங்கள் மட்டும் வெள்ளி. பத்து சென்ட் அறுபத்து நாலாம் வருஷம் வரைக்கும் வெள்ளி. சின்னக் காசு, எல்லார் கையிலும் புரள்வது, அதனால் பெட்டிக்கு ஒன்றிரண்டு எப்படியும் மாட்டும். கால் டாலரை ஐம்பது வருஷமாக எல்லோரும் சலித்தெடுத்துவிட்டார்கள். அரை டாலரை யாரும் செலவழிப்பதே இல்லை. கடைக்காரப் பிள்ளைகளிடம் நீட்டினால் கள்ளக்காசு மாதிரி திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஆயிரம் காசுள்ள பெட்டியைப் பிரித்தால் ஒன்றும் இருக்காது. அடுத்த பெட்டியும் அப்படியே. யாராவது செத்து, அவர் சேர்த்துவைத்ததைப் பிள்ளைகள் விவரம் தெரியாமல் வங்கியில் கொடுத்தால்தான் உண்டு.

நான் அரை டாலர் மட்டும். மூன்று வருஷமாக.

"அம்பது சென்ட் மகாராணி இன்னிக்கும் வெறுங்கையா?" என்பான் மெர்ல். ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன், பத்து சென்ட் ஆசாமி. எனக்குக் கார் இல்லாததால் வெள்ளிக்கிழமைதோறும் அவனுடைய சின்ன லாரியில்தான் வங்கி வங்கியாகப் போவோம். "பத்து சென்ட்டுக்கு வா பெர்னி. நான் சொல்றதக் கேளு. இந்த வண்டியோட முன் டயர் ரெண்டும் யாரு வாங்கிக் குடுத்தது? பத்து சென்ட்!"

அந்தக் கதையை முதல் நாளே சொல்லிவிட்டான், பிறகு மாதம் ஒரு தடவை சொல்லுவான். சூப்பர் மார்க்கெட் வாசலில் சில்லறையை எண்ணி நோட்டாகத் தருகிற மெஷின் இருக்கிறது. அது வெள்ளிக்காசைப் பிடிக்காமல் கீழே தட்டில் துப்பிவிடும். தெரியாதவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள். இவன் காலையில் பால் வாங்கப் போகும்போதெல்லாம் அந்தத் தட்டைத் தடவிப்பார்ப்பான். ஒரு நாள் தட்டு நிறையக் குவியலாகப் பத்து சென்ட், அத்தனையும் வெள்ளி, இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு.

"எந்த மடையனோ ஒவ்வொண்ணையும் குத்திக் கெடுத்து வெச்சிருந்தான். இல்லன்னா நாலு டயரும் வாங்கிருப்பேன். கெட்ட காசுக்கு உருக்குற விலைதான் குடுத்தான் வியாபாரி."

அடுத்தவன் விட்ட தட்டைத் தடவுவது எனக்குப் பிச்சை எடுக்கிற மாதிரிதான் தெரியும். அதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

நான் தேடியது வெள்ளியும் இல்லை. ஓர் எழுத்து.

அப்பா மில்லில் மெஷினிஸ்ட். கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தபோது துடைத்து, ஊட்டி, மலம் அள்ளியது நான். தண்ணீருக்குக் கூப்பிட்டது என் அண்ணன் லெனார்டின் பெயரை. லென் கிறிஸ்துமஸுக்கு வந்து ஒரு மணிநேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். அந்த ஒரு மணிநேரம் அப்பாவின் முகம் இருக்கிற இருப்பைப் பார்க்க வேண்டுமே. எனக்கு ஒரு நல்ல வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததில்லை, சாவதற்கு நாலு நாள் முன்பு சொன்னதைத் தவிர. "பேஸ்மென்ட்ல டப்பால உன் எழுத்தப் போட்டு வெச்சிருக்கேன். எடுத்துக்க."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஏழு வயதில் ஒரு சம்பள வெள்ளிக்கிழமை பேஸ்மென்ட் படியில் இறங்கியபோது பார்த்திருக்கிறேன். மில்லில் இரும்பில் எழுத்துக் குத்துகிற அச்சை வைத்து அப்பா ஒரு புத்தம் புது அரை டாலரில் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையால் மூடிக்கொண்டார். அது என் எழுத்து, B, பெர்னடெட். எத்தனை வருஷம் கழித்து அது எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

அந்த நாலு நாளும் அவரை விட்டு நகர முடியவில்லை; அடக்கம் முடிந்து நான் போய்ப் பார்ப்பதற்குள் வீட்டுச் சாவி லென் கையில். பேஸ்மென்ட்டைத் துடைத்து வைத்திருந்தான்.

"டப்பாவா? எந்த டப்பா? கனவு கினவு கண்டியா?"

லென்னுக்குக் காசைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. கண்டிப்பாக வங்கியில் கொடுத்திருப்பான், அரை டாலரை அரை டாலருக்கே. அரை டாலர் எங்கும் போகாது, பெட்டகம் பெட்டகமாகத் தூங்கும். என்றாவது ஒரு நாள் என் கைக்கு வந்துதான் ஆகவேண்டும். அதனால்தான் அரை டாலர். ஒரே ஒரு காசு கிடைத்தால் போதும், அப்பா என்னை நினைத்தார் என்பதற்கு.

போன வெள்ளிக்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வங்கிக் கிளையை மூடுகிறார்கள் என்று மெர்ல் கேள்விப்பட்டு வந்தான். நாங்கள் போகாத கிளை. லென் வேலை செய்கிற சைலன்சர் கடைக்கு இரண்டு தெரு தள்ளி.

கவுண்டரில் இருந்த பெண் பெட்டகத்தைக் காலிசெய்கிற அவசரத்தில் இருந்தாள். "அரை டாலரா? இருக்கு மேடம், கையால சுத்தின ரோல் பத்து. நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடிலேர்ந்து கெடக்குது. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போயிடுங்க."

லாரியில் உட்கார்ந்து முதல் ரோலை உடைத்தேன். மடியில் கொட்டியபோதே தெரிந்துவிட்டது. விளிம்பில் புதுக் காசுக்கு இருக்கிற செம்புக்கோடு இல்லை, இருபதும் வெள்ளை.

மெர்ல் கூவினான். "அடிப்பாவி! முழு ரோல்!"

நான் விளிம்போடு நிற்கவில்லை. காசிலிருக்கிற தலையின் கழுத்துக்குக் கீழே பார்த்தேன். எழுத்து இருந்தது, ஆழமாக, நேராக, அப்பா அடித்த மாதிரியே.

L.

அடுத்ததும் L. பத்து ரோலையும் கிழித்துக் கொட்டினேன். இருநூறு காசு, இருநூறும் L.

மெர்ல் எட்டிப்பார்த்து முகம் சுளித்தான். "ஐயோ, கெட்ட காசு. பரவால்ல, உருக்குற விலைக்குப் போகும்."

"சைலன்சர் கடைக்கு விடு," என்றேன்.

லென் ஒரு காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். "என்ன பெர்னி, வேலை நேரத்துல?"

இருநூறு காசையும் அவனுடைய மேஜையில் கொட்டினேன். "டப்பாவே இல்லன்னியே. கனவுன்னியே."

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். ரொம்ப நேரம் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சரி, இருந்துச்சு," என்றான். "ரெண்டு டப்பா. பெரிய காபி டப்பா என்னுது. சின்னதா ஒரு புகையிலை டப்பா, அது உன்னுது."

"என்னுதை எந்த பேங்க்ல குடுத்த?"

"உன்னுது அரை டாலர் இல்ல பெர்னி. பத்து சென்ட்."

கடையில் யாரோ போல்ட்டைக் கழற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சம்பளத்துக்குச் சம்பளம் எனக்கு ஒரு அரை டாலர், உனக்கு ஒரு பத்து சென்ட். நானா அப்படிப் போடச் சொன்னேன்? அவரு அப்படித்தான்னு உனக்குத் தெரியாதா?"

"அத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்றது? ரெண்டு வருஷம் அவருக்குப் பீ மூத்திரம் அள்ளிட்டு நிக்கிற. எனக்கு நூறு டாலர், உனக்கு இருபதுன்னு உன் மூஞ்சியப் பார்த்து எப்படிச் சொல்றது? டப்பாவே இல்லன்னா வம்பில்லன்னு நெனச்சேன்."

என் மேல் இரக்கப்பட்டானாம். அந்த நூறு டாலரை எடுத்துக்கொள்ள மட்டும் இரக்கம் குறுக்கே வரவில்லை. அப்பாவின் கணக்கில் என்னைப் போல ஐந்து பேரைக் கட்டிவைத்தால்தான் ஒரு லென். மூன்று வருஷமாக நான் தேடியது இந்தக் கணக்கைத்தான்.

"இது ஒண்ணொண்ணும் பத்து டாலருக்கு மேல போகும், வெள்ளி," என்றேன். "அம்பது சென்ட்டுக்குக் குடுத்திருக்க நீ." அவன் முகம் தொங்கிப்போனது. அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, சந்தோஷமாகவே இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

"என்னுது எங்கடா?"

"சூப்பர் மார்க்கெட் வாசல்ல அந்த மெஷின்ல போட்டேன். ஒண்ணு ரெண்ட எடுத்துச்சு, மீதிய எல்லாம் துப்பிடுச்சு. மூணு தடவ போட்டுப் பார்த்தேன். அப்பாதான் குத்திக் குத்திக் கெடுத்து வெச்சிருந்தாரே. செல்லாதுன்னு தட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்." பிறகு, "இந்தா, இருபது டாலர் நான் தந்துடறேன்," என்று பையில் கை விட்டான்.

காசை அவன் மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். எல்லாம் அவனுடைய எழுத்து போட்டதுதானே.

லாரியில் மெர்ல் சர்ச்சுக்காரர்கள் விற்ற பியரோகிக் கொழுக்கட்டையைப் பிளாஸ்டிக் முள்கரண்டியால் குத்தித் தின்றுகொண்டிருந்தான். ஏறி உட்கார்ந்தேன். கேட்காமலே இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"மெர்ல், அந்தத் தட்டுல கெடச்ச காசு."

"எது, டயர் காசா?"

"அதுல என்ன குத்தியிருந்துச்சு?"

"நம்பர். எட்டு. எல்லாத்துலயும் எட்டு. ஏன்?"

"எட்டுதானா?"

மென்றுகொண்டே யோசித்தான். "எட்டு மாதிரிதான் இருந்துச்சு. ஒரு பக்கம் தட்டையா இருந்துச்சோ என்னவோ. இத்தனூண்டு காசுல என்னத்தத் தெரியும்?"

"ஒண்ணு கூட வெச்சுக்கலையா?"

"கெட்ட காச எவன் வெச்சுப்பான்? எல்லாம் உருக்கப் போயாச்சு, அன்னிக்கே."

அவன் மேல் குற்றமில்லை. காசுக்காரர்கள் எவரும் அப்படித்தான் சொல்வார்கள், மூன்று வருஷத்தில் நானே நூறு தடவை சொல்லியிருப்பேன். கோடு விழுந்ததா, குத்துப்பட்டதா, கெட்ட காசு, தள்ளு. யார் எதற்குக் குத்தினார்கள் என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை. அந்தக் கதையை முப்பது தடவை கேட்டேன். ஒரு தடவையாவது என்ன குத்து என்று கேட்டேனா? பத்து சென்ட் என்றதும் காதை மூடிக்கொண்டேன். எனக்கு அப்பா அரை டாலர்தான் போட்டிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேனே, அந்தத் திமிர்.

கதவைத் திறந்து இறங்கினேன். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து டயரைக் கையால் தடவிப்பார்த்தேன். சேறு காய்ந்திருந்தது. வெட்டுகள் தேய்ந்து பாதியாகியிருந்தன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதன் மேல்தான் உட்கார்ந்து தேடப் போயிருக்கிறேன்.

மெர்ல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "என்ன, காத்து இறங்கிடுச்சா?"

"இல்ல."

"நல்ல டயரு அது. இன்னும் ரெண்டு பனிக்காலம் தாங்கும்."

வீடு பதினோரு மைல். பஸ் கிடையாது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.