மாடத்தி கூரையேறிய ஞாயிறு

ஆறாம் வகுப்பில் மாடத்திக்கு விமானம் ஓட்ட ஆசை. மட்டாஞ்சேரிக்கு மேலே தாழப் பறந்து எதிரே இருக்கும் ஐலண்டு விமானத்தளத்தில் இறங்கும் விமானத்தைக் கண்டால் வாயிலிருக்கும் கப்பைக்கிழங்கை விழுங்க மறந்துவிடுவாள். எட்டாம் வகுப்பில் கண்ணாடி போட்டார்கள். அந்த ஆசை போயிற்று. சரி, என்ஜினீயர் ஆவேன் என்றாள். பத்தாம் வகுப்பில் கணக்கு தட்டுத்தடுமாறிக் கரையேறியதும் அதுவும் போயிற்று. ஒரு சாயங்காலம் முழுக்க அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டிவி மெக்கானிக் படிப்பில் சேர்ந்தாள்.

படித்து முடித்தும் வேலை கிடைக்கவில்லை. கடைக்குக் கடை ஒரே கேள்வி: "பெண்குட்டி கூரைமேல ஏறுமோ?"

கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்த அப்பா சங்கரலிங்கம், அங்கேயே ஒரு பியூன் வேலைக்கு மனுப் போடவைத்தார். திங்கட்கிழமை நேர்காணல்.

அதற்கு முந்தின நாள் சாயாக்கடை நல்லசிவம் டிவி வாங்கினார். படம் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. பெட்டியிலோ வெறும் இரைச்சல். வருகிறேன் என்ற எர்ணாகுளத்து மெக்கானிக்கைக் காணவில்லை.

மாடத்தி பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டுக்கூரையில் ஏறினாள்.

"ஏட்டி, விழுந்து தொலைக்காத!" என்று அம்மா பேச்சி அலறினாள்.

ஆன்டெனாவை மெல்லத் திருப்பி, "வருதா?" என்று கத்தினாள் மாடத்தி.

"ஆள் வந்தாச்சு, தலையைக் காணோம்!" என்றார் நல்லசிவம்.

இன்னும் கொஞ்சம் திருப்பி, வயரைக் கழற்றி முறுக்கிக் கட்டினாள். கீழே ஒரே ஆரவாரம். தலை வந்துவிட்டது!

இறங்கியவளைப் பக்கத்து வீட்டுச் சேச்சி கட்டிக்கொண்டாள். "நாளைக்கு என் வீட்டுக்கும் வரணும் மோளே." பின்னாலேயே இன்னும் இரண்டு வீட்டார் கூப்பிட்டார்கள்.

"நாளைக்கு நேர்காணல் இருக்கே," என்று அவள் அப்பாவைப் பார்த்தாள்.

சங்கரலிங்கம் சாயாவை ஒரு மடக்குக் குடித்தார். அவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"அந்த நாற்காலிக்கு ஆயிரம் பேர் வருவான். மேல நிக்கும்போது உன் மூஞ்சியப் பாத்தேம்ட்டி. நீ இதையே பாரு."

மறுநாள் காலை, இரவல் ஏணியைத் தோளில் சுமந்து அவர் முன்னே நடந்தார். "ஏணி வருது, விலகுங்க!" என்று அவர் தெருவுக்கே சத்தம் கொடுக்க, ஸ்பேனர் பையோடு பின்னால் வந்த மாடத்தி சிரிப்பை அடக்கமாட்டாமல் நடந்தாள்.