தொடைக்குள் ஒரு வெளிச்சம்

“நெஞ்சுல கோளாறுன்னா காலை எதுக்கும்மா வெட்டுறீங்க?” என்று அந்த விளையாட்டு ஆசிரியை கேட்டபோது, நான் அவர் தொடையில் ரத்தக்குழாய் ஓடும் வழியை மையால் கோடிட்டுக்கொண்டிருந்தேன். இதயத்தில் அடைபட்ட இடத்தைத் தாண்டிப் புதுவழி போட, காலிலிருந்து ஒரு குழாயை எடுக்க வேண்டும் என்றேன். அது அவருக்கே தெரியும். “எங்க அக்காவுக்கும் இதேதான் பண்ணாங்க. நெஞ்சு ஆறிடுச்சு. கணுக்கால்லேர்ந்து தொடை வரைக்கும் கிழிச்சது ஆறவே இல்ல. எனக்கும் சர்க்கரை இருக்கு. பாத்துப் பண்ணும்மா, ஓடுற காலு.”

நீளமாகக் கிழிக்காமல், முழங்காலருகே சின்ன வெட்டுப் போட்டு, கேமராவை உள்ளே விட்டு எடுப்பதாக இருந்தோம். எடுக்கப்போவது சர்ஜனின் உதவியாளரான நான்தான், தனியாக எடுப்பது இதுதான் முதல் தடவை என்றும் சொல்லிவிட்டேன். “எல்லாருக்கும் முதல் மேட்ச்னு ஒண்ணு உண்டுல்ல?” என்றார்.

மாலைப் பயிற்சி வகுப்பில் ரப்பர் குழாயில் பலமுறை பழகியிருந்தேன். ரப்பரில் ரத்தம் வராது. இங்கே, காற்றடித்து விரித்த தொடையின் உட்புறம் திரையில் குகைபோலத் தெரிந்தது. நடுவே குழாய், வெளிறிய முத்து நிறத்தில். பக்கக் கிளைகளை ஒவ்வொன்றாகச் சுட்டு மூடி வெட்டிக்கொண்டே போனேன். மூடியதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

“வீட்டைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பாக்குற ஆளு நீ” என்றார் நர்ஸ் அக்கா.

அப்போதுதான் ஒரு கிளை கிழிந்தது. திரை முழுக்கச் சிவப்பு.

மார்புப் பக்கம் நின்ற சர்ஜன் தலையைத் தூக்கினார். “ரிஸ்க் வேணாம். காலைத் திறந்துடு.”

கத்தி தட்டில் தயாராக இருந்தது. எடுத்தால் யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை. எடுக்க மனம் வராதது பிடிவாதமா, கணக்கா? கிழிந்தது கிளைதான், குழாய் இல்லை. அழுத்தினால் நிற்கும்.

“கொஞ்சம் அழுத்திப் பாக்குறேன் சார். நிக்கலைன்னா உடனே திறந்துடுறேன்.”

அவர் திரையை உற்றுப் பார்த்தார். “சரி. நான் நிறுத்துன்னா நிறுத்திடணும்.”

நர்ஸ் அக்கா தொடைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கேமராவை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி விட்டேன். சிவப்பு மெல்ல விலகியது. கிளையின் அறுந்த நுனி, ஊசிமுனை அளவு. சுட்டேன். “கையை எடுங்கக்கா.”

கசியவில்லை.

வெளியே வந்த குழாய்க்குள் மருந்துநீரைச் செலுத்தினேன். ஒரு சொட்டுகூட ஒழுகாமல் நெடுகப் புடைத்து நின்றது. சர்ஜன் விரலால் உருட்டிப் பார்த்து, “குடு” என்றார். அவரிடம் அதற்குமேல் பாராட்டு கிடையாது. அவர் அதை இதயத்தில் தைத்து முடித்து, ரத்தத்தை நிறுத்தியிருந்த கவ்வியை எடுத்ததும், காலில் சோம்பிக் கிடந்த அந்தக் குழாய் இதயத்தின்மேல் துள்ள ஆரம்பித்தது.

அடுத்த வாரம் வார்டு வராந்தாவில் அந்த ஆசிரியையைப் பார்த்தேன். முழங்காலருகே ஒரு சின்ன பிளாஸ்திரி. தையல் அதிராமல் இருக்க நெஞ்சோடு தலையணையை அணைத்தபடி நடந்துகொண்டிருந்தார். பின்னால் பழப்பையோடு மூச்சு வாங்க வந்த கணவரைத் திரும்பிப் பார்த்து, “என்னங்க, ஆபரேஷன் உங்களுக்கா எனக்கா? காலை எட்டிப் போடுங்க!” என்று அதட்டிவிட்டு, வளைவில் திரும்பி மறைந்தார்.